குகன் அண்ணை ஏறாத கடைசி லெவல்

குகன் அண்ணை போய்விட்டார். கொடிகாமம் சந்தையில் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்தாராம்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

செய்தி வந்த அன்றே எழுத நினைத்தேன், கை வரவில்லை. நேற்று எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவும் முடிந்தது. இன்று எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. மானிப்பாயில் பார்மசியில் நிற்கிற நானும், கொடிகாமத்தில் பழம் விற்கிற அவரும் ஒரே ஆன்லைன் கேமில், ஒரே குழு. நான் பொம்பிளை என்று தெரிந்த பிறகும் என்னோடு கதைக்கிற விதத்தை மாற்றாத ஒரே ஆள்.

அந்தக் கேமில் அவர் மந்திரவாதி. எதிரிமேல் மந்திரம் எறிய எறிய லெவல் ஏறும். சீக்கிரம் ஏற வேண்டுமென்றால் பெரிய மந்திரமாகப் பார்த்து, கும்பலாக நிற்கிற பூதங்கள்மேல் போட வேண்டும்... விரல் ஓயக்கூடாது. நான் அப்படித்தான் ஏறினேன்.

அவருக்கு அது சரிவராது. கை முழுக்கப் பலாப்பால், போனைத் தொட்டால் ஒட்டும்.

அதற்கு மனுஷன் ஒரு வழி பிடித்தார். தன் மந்திரவாதிக்குக் கனத்த இரும்புக் கவசத்தை மாட்டிவிட்டார். கவசத்தோடு எறிகிற மந்திரம் எதிரியில் படாது. படாவிட்டால் எதிரி சாகாது, புதிதாக ஒன்றைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஆனால் எறிந்ததற்கான சின்னப் புள்ளி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்!

மந்திரவாதி தானாகவே எறிந்துகொண்டு நிற்பார், இடையிடையே திரையில் ஒரு தட்டு தட்டினால் போதும். அதையும் மூக்கால் தட்டுவார்.

ஒருமுறை கொடிகாமத்தில் இறங்கி நேரிலேயே பார்த்தேன். சனம் பழத்தைத் தட்டிப் பார்க்கிறது, இவர் குனிந்து மூக்கால் போனைத் தட்டுகிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரி, சிரி... வியாபாரமும் நடக்குது, மந்திரமும் ஏறுது. விரல் நோகுதெண்டு அழுறது நீதானே தங்கச்சி?"

கடைசி லெவலுக்குக் கொஞ்சம்தான் மிச்சம். அவருடைய வேகத்துக்கு அந்தக் கொஞ்சமே இன்னொரு பலாப்பழக் காலம். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன், "பாஸ்வேர்டைத் தாங்கோ அண்ணை, நான் டக்கெண்டு ஏத்தித் தாறன்."

"வேண்டாம் பிள்ளை. ஊர்ந்தெண்டாலும் நான்தான் ஏறோணும். ஏறி முடிய எல்லாரும் வீட்டுக்கு வாங்கோ, ராணி ஆட்டுக்கறி வைப்பா."

ராணி அக்கா அவருடைய மனைவி. நேற்று எட்டுக்கு அண்ணைக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்திருந்தா. ஆட்டுக்கறியும் இருந்தது.

குழுவில் யாழ்ப்பாணத்தில் இருக்கிற நாங்கள் நாலு பேரும் போனோம். அந்த வீட்டில் நாங்கள் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான்.

போனதே ஒன்றைக் கேட்கத்தான். அவருடைய அக்கவுண்டை யாரும் தொடாமல் அப்படியே விட்டுவிடச் சொல்லி. அந்த இரும்புக் கவசத்தோடு, ஏறாமல் கிடக்கிற அந்தக் கொஞ்சத்தோடு.

செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த ராணி அக்காவின் தம்பி சிரித்தார்.

"அதுவோ? அதைக் காடாத்து முடிஞ்ச அண்டைக்கே வித்துப்போட்டன். நல்ல லெவல், உடனை ஆள் வந்திட்டுது."

"ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாமே..."

"உது சும்மா கிடந்து என்ன செய்யப் போகுது? செத்த ஆள் திரும்பி வந்து விளையாடப் போறாரே?"

சாம்பல் அள்ளின கையோடு விற்றிருக்கிறார். இடையில் அழுவதற்கு நேரம் கிடைத்ததோ தெரியாது.

ராணி அக்காவுக்கு விற்றது என்னவென்றே விளங்கவில்லை. "போன் விளையாட்டுத்தானே பிள்ளையள், விடுங்கோ" என்றா. அவவில் எனக்குக் கோபம் இல்லை. அந்தத் தம்பிக்காரனை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

இன்று காலை குழுவில் கேமின் அறிவிப்பு ஒன்று தானாக வந்து விழுந்தது. குகன் அண்ணையின் பெயர். மந்திரத்தில் கடைசி லெவலை எட்டிவிட்டாராம்.

வாங்கியவன் எவனோ... கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு கிழமைக்குள் ஏற்றி முடித்திருக்கிறான்.

கீழே வாழ்த்துமேல் வாழ்த்து. விஷயம் தெரியாத வெளிநாட்டுச் சனம், பூவும் வாணவேடிக்கையுமாகப் போட்டுத் தள்ளுகிறது. "கடைசியில் சாதித்துவிட்டாய் நண்பா" என்று ஒருவன் ஆங்கிலத்தில் உருகியிருக்கிறான்.

அந்த அறிவிப்பை எடுத்துவிடச் சொல்லிக் குழுத்தலைவரிடம் கேட்டேன். கேம் போடுவதை யாராலும் எடுக்க முடியாதாம்.

உங்கடை பேரிலை வேறை ஒருத்தன் ஏறிப்போட்டான், குகன் அண்ணை. நீங்கள் ஏறேல்லை, அது எங்களுக்குத் தெரியும்.

போயிட்டு வாங்கோ.