வெட்டாமல் விட்ட சிரிப்பு

பிலோமினா இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வல்லம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். காய்ச்சலில் கிடந்தவளைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். அதிலும் என்னை முந்திக்கொண்டாள். முறைப்படி ‘அவர்’ என்று எழுத வேண்டும், எனக்கு வரவில்லை.

எங்கள் ஆவணப்படம் உங்களில் பலருக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஜோடியாக நடித்த இரண்டு நகைச்சுவை நடிகர்களின் வாழ்க்கை அது. ஒருவர் ஓயாமல் பேசுவார். மற்றவர் வாயே திறக்காமல் முழிப்பார். பேசியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முழித்தவர் இங்கே, கோட்டைக்குப் போகும் ரோட்டில் மகள் வீட்டில் இருந்தார். பிலோமினா பேட்டி எடுத்தாள். கேமராவும் படத்தொகுப்பும் நான்.

முதல் நாள் நான் விளக்கு வைத்து, ஃபேனை நிறுத்தி, மைக் மாட்டி வியர்த்துப்போய் நின்றேன். அவள் வந்து தரையில் உட்கார்ந்து, “தாத்தா, சாப்டீங்களா?” என்றாள். அவ்வளவுதான். சினிமாவில் பேசாத மனிதர் கொட்டித் தீர்த்துவிட்டார். நான் கேட்ட கேள்விக்கும் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

பேட்டி எடுப்பவர் சத்தம் படத்தில் விழக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இவளோ எடுத்ததற்கெல்லாம் சிரிப்பாள். கேட்டால், “சிரிப்பு வந்தா நான் இன்னாடி பண்றது?” என்பாள். அவள் சிரித்த இடங்களையெல்லாம் வெட்டிக்கொண்டே வந்தேன். ஓர் இடத்துக்கு மட்டும் சண்டை பிடித்தாள்.

கூட்டாளியின் சாவுக்குப் போன கதையைப் பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார். “மாலைய போட்டுட்டு அழுவுறேம்மா. என் மூஞ்சியப் பாத்துட்டு ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் சாவு வூடே சிரிக்குது. அவன் மட்டுந்தான் சிரிக்காம படுத்துனு இருக்கான்.” பிலோமினா வெடித்துச் சிரித்தாள். பெரியவர் திகைத்து, தானும் சிரித்து, அப்புறம்தான் அழுதார்.

“மத்ததெல்லாம் வெட்டிக்கோ. இத மட்டும் வுட்டுடுடி” என்றாள். விட்டேன்.

படத்தைக் கல்யாண மண்டபத்தில் போட்டோம். மாதக்கணக்கில் கண் எரிய உட்கார்ந்து நான் தொகுத்த எதற்கும் கைதட்டல் இல்லை. அந்தச் சிரிப்பு வந்ததும் மண்டபமே அவளோடு சேர்ந்து சிரித்தது. முகம் கூடத் திரையில் இல்லை, வெறும் சத்தம்! வெளியே வரும்போது, “உன் படம் நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்கடி” என்றாள். என் படமாம். அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் நினைவாக அதே மண்டபத்தில் மறுபடி போட்டோம். நீங்களும் வந்திருந்தீர்கள். கண்ணைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தவர்கள், அந்த இடம் வந்ததும் சிரித்துவிட்டீர்கள். கைதட்டவும் செய்தீர்கள். செத்த பிறகும் கைதட்டல் அவளுக்குத்தான். நான் ஓரமாக நின்று ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று. வெட்டியதை நான் தூக்கிப் போடவில்லை. என் கம்ப்யூட்டரில் அத்தனையும் இருக்கிறது: அவளுடைய சின்னச் சிரிப்பு, பெரிய சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது, நான் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டது. உங்களுக்கு அவள் விட்டுப்போனது ஒரே ஒரு சிரிப்பு. மீதியெல்லாம் என்னுடையது.

அவள் தம்பி அதில் ஒரு காப்பி கேட்டான். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தர மாட்டேன்.