டாக்டர் எஸ்தர் திட்டுவதை நிறுத்திய நாள்

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. டாக்டர் எஸ்தரின் அண்ணன் மகன் சைக்கிளை நிறுத்தி, "அத்தை காலையில போயிட்டாங்க, சிஸ்டர். ஹார்ட்டுதான்" என்றார். பூந்தமல்லிக்கு ஏற வேண்டியவள், அவரோடு நடந்து போனேன்.

டாக்டரின் சிறிய கிளினிக்கில் நான் பல வருடம் நர்ஸாக இருந்தேன். அவரிடம் மருந்து வாங்கியவர்கள் அவரைப் பொறுமைசாலி என்று சொல்வார்கள். ஆரம்ப வருடங்களில் அவர் அப்படியில்லை. தாமதமாக வருபவர்களையும், வேறு வைத்தியரிடம் போய்விட்டு வருபவர்களையும் வாசல் வரை கேட்கும்படி திட்டுவார். நோயாளிகள் அவரை நம்பினார்கள், பயப்படவும் செய்தார்கள்.

அது எழுபதுகளின் தொடக்கம். மண்ணூரிலிருந்து சரோஜா என்ற பெண் இரண்டு வயது மகளைத் தூக்கி வந்தாள். குழந்தையின் கால்கள் வளைந்திருந்தன, மணிக்கட்டு தடித்திருந்தது. சரோஜா நடவுக்குப் போகும் நாளெல்லாம் பிள்ளை இருட்டு அறைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. வைட்டமின் டி குறைவு என்று சொல்லி, டாக்டர் ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டார். தினம் நானூறு யூனிட் போதும் என்கிற சத்து அது. மொத்தமாக ஒரே ஊசியில் போட்டால் உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் செலவழிக்கும். பிள்ளையைக் காலை வெயிலில் விடு, வேறு எதுவும் கொடுக்காதே, கால் நிமிர நாளாகும் என்று சொல்லி அனுப்பினார்.

சில மாதம் கழித்து சரோஜா திரும்பி வந்தாள். கால் அப்படியேதான் இருந்தது. பிள்ளை இளைத்திருந்தது, சாப்பிட்டதை வாந்தி எடுத்தது. இத்தனை நாள் எங்கே போனாய் என்று டாக்டர் கத்தினார். வேறு எங்காவது காட்டினாயா என்றும் கேட்டார். சரோஜா தலையைக் குனிந்தபடி இல்லை என்றாள். முதல் ஊசி வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொன்று போட முடிவு செய்தார். நான் ஊசியில் மருந்தை ஏற்றி அவர் கையில் கொடுத்தேன்.

அப்போது பிள்ளை தண்ணீர் கேட்டது. ஒரு டம்ளர் குடித்து முடித்ததும் மறுபடியும் கேட்டது. மடியில் போட்டிருந்த துணி அதற்குள் இரண்டாம் முறை சிறுநீரில் நனைந்திருந்தது. டாக்டர் சிறிது நேரம் பிள்ளையையே பார்த்தார். பிறகு ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்து வந்து பெஞ்சில் சரோஜா பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நான் திட்டமாட்டேன்மா. நீ எங்க போயிருந்தாலும் தப்பில்ல. பிள்ளைக்கு வேற இன்னா குடுத்த, அத்த மட்டும் சொல்லு."

சரோஜா அழ ஆரம்பித்தாள். "கால் சீக்கிரம் நிமிரட்டும்னுதாம்மா. ஸ்ரீபெரும்புதூர்ல ஒருத்தரு ஊசி போட்டாரு, ரெண்டு வாட்டி. கடையில டானிக்கு வாங்கினேன். மீனெண்ணெயும் ஊத்திகினு இருந்தேன். சொன்னா நீங்க கத்துவீங்கன்னு…"

எல்லாவற்றிலும் இருந்தது அதே வைட்டமின் டி. கொடுத்தவர் யாருக்கும் மற்றவர் கொடுத்தது தெரியாது. அன்றே டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு, அவர்களோடு பஸ் ஏறி சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனார். வைட்டமின் டி அளவு மீறியதால் ரத்தத்தில் கால்சியம் மிகவும் ஏறியிருந்தது; வாந்தியும் தாகமும் அதனால்தான். ஊசி, டானிக், மீனெண்ணெய் எல்லாம் நின்றன. பாலிலும் கால்சியம் உண்டு என்று அதையும் நிறுத்தச் சொன்னதும் பிள்ளையின் அப்பா சண்டைக்கு வந்தார். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் பிள்ளைக்குப் பால் கூடாதென்று எந்த ஊரில் சொல்வார்கள் என்று கேட்டார். டாக்டர் குரலை உயர்த்தாமல் மறுபடி மறுபடி விளக்கினார். பல வாரம் கழித்துப் பிள்ளை தேறியது. கால்களில் லேசான வளைவு மட்டும் தங்கிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் வைத்தியரையும் அவர் போய்ப் பார்த்தார். அந்த அம்மா ஒன்றுமே சொல்லவில்லையே என்றார் வைத்தியர். "என்கிட்டயும் சொல்லல. சொல்ற மாதிரி நான் கேக்கல" என்று டாக்டர் பதில் சொன்னார்.

அதன்பின் அவர் நோயாளியைத் திட்டி நான் கேட்டதில்லை. மந்திரித்த கயிற்றோடு வந்தவர்களிடமும் பக்கத்தில் உட்கார்ந்தே கேட்டார். இவ்வளவு இடம் கொடுத்தால் யார் பேச்சைக் கேட்பார்கள் என்று நான் வாதாடியிருக்கிறேன். "நான் கத்தினா அவங்க மறைப்பாங்க. மறைச்சா நான் தப்பா மருந்து குடுப்பேன்" என்பார்.

போன வருடம் இடுப்பு வலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்; நான் துணைக்கு இருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் அவசரமாக வந்து, தானாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அதட்டலாகக் கேட்டார். "இல்லை" என்றார் டாக்டர் எஸ்தர். அந்த இளைஞர் போனதும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்து என்னிடம் காட்டினார். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய வைட்டமின் டி.

"எனக்கே பயம் வருது பாருங்க, சிஸ்டர்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என்னை அனுப்பி அந்த டாக்டரைத் திரும்ப அழைத்து, புட்டியை அவர் கையில் கொடுத்தார்.

நான் இப்போது அரசுத் துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் எனக்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். அடக்கத்துக்கு மறுநாளும் அந்தப் பெஞ்சில் போய் நோயாளிகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.