ஐந்து சொட்டு

வைட்ஃபீல்டில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் கழிவறையில் போன வாரம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சுவரிலிருந்த தானியங்கி சோப்புக் குழாய் ‘ஸ்ஸ்’ என்று வெறும் காற்றை விட்டது. மறுபடி நீட்டினேன், மறுபடி காற்று. கிழவருக்குக் குழாய் பிடிபடவில்லை என்று பின்னால் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு நன்றாகவே பிடிபட்டது. அதே சத்தத்தைப் பதினோரு வருடம் அதே இடத்தில் கேட்டிருக்கிறேன்.

அந்த மனையில்தான் தொண்ணூறுகளில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. வண்டிகளுக்கு சென்சார் செய்தோம். அதன் மூடியை ஒட்ட, வெளிநாட்டிலிருந்து ஒரு பசை இயந்திரம் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கூடம் முழுக்க மூன்று நாள் பைன் மர வாசனை. பெட்டி பிற்பாடு மேலாளர் வீட்டில் செருப்பு அலமாரியானது என்று கேள்வி.

இயந்திரம் எளிமையானது. பசை ஒரு பெரிய ஊசிக்குழலில் இருக்கும். மேலிருந்து அழுத்தக் காற்று, நாம் குறித்த கால் நொடியோ அரை நொடியோ, அதைத் தள்ளும். ஊசி முனையில் ஒரு சொட்டு இறங்கும். உடனே லேசாக உள்ளே இழுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒழுகும். கீழே தட்டு நகர்ந்து அடுத்த மூடியைக் கொண்டுவரும். எவ்வளவு நேரம் தள்ளினோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வந்தது பசையா காற்றா என்று தெரியாது. தெரியாததைப் பற்றி அது கவலைப்பட்டதும் இல்லை. அந்த விஷயத்தில் எனக்கும் அதற்கும் நல்ல பொருத்தம்.

நான் செயல்முறை எழுதுகிறவன். ‘புது ஊசி மாட்டியதும் முதல் ஐந்து சொட்டைக் காகிதத்தில் விட்டு எறியவும்’ என்பது என் வாசகம். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் ‘சில சொட்டுகள்’ என்றுதான் இருந்தது. ‘சில’ எனக்குப் பிடிக்காத எண்.

இயந்திரத்தை ஓட்டியவள் செல்வி. ஆம்பூர்ப் பக்கத்துக்காரி, ஈஜிபுராவில் வாடகைக்கு இருந்தாள். பழைய நாள்காட்டித் தாளில் சொட்டுகளை விட்டுக்கொண்டே ஊசியருகே காதை வைத்துக் கேட்பாள். ஒரு நாள் எட்டு, ஒரு நாள் பத்து. ஏன் என்று கேட்டேன்.

“ஊசி இன்னும் மூச்சு வுடுது சார்.”

மூச்சுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. ஐந்து என்றால் ஐந்து என்று மெமோ கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மூன்று நாள் பூட்டிவிட்டுப் போனோம். திறந்த அன்று புதுக் குழல், புது ஊசி. செல்வி ஐந்து சொட்டு விட்டாள். குனிந்து கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த செயல்முறையைக் காட்டினேன். முதல் தட்டு ஓடியது.

மழைக்காலத்தில் மூடி கழன்ற சென்சார்கள் திரும்பி வந்தன. எல்லாம் அந்த முதல் தட்டு. ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் காற்றுப் பொள்ளல். விசாரணையில் மேலாளர் என்னிடம், செயல்முறை சரிதானே என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சரிதான் என்றேன். அப்படியானால் செல்வி ஐந்து சொட்டு விடாமலேயே விட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறாள் என்று முடிவாயிற்று. மெமோவின் நகல் என் மேசை இழுப்பறையில் இருந்தது.

“அஞ்சுன்னா அஞ்சுதான்னு நீங்கதானே சார் சொன்னீங்க?” என்றாள் செல்வி. குரலை உயர்த்தவில்லை. நான் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள். “ஹோக்லி பிடி சார்” என்றார் மேற்பார்வையாளர் நஞ்சப்பா கன்னடத்தில், கேன்டீனில் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து. போகட்டும் என்று நானும் விட்டேன்.

அடுத்த திருத்தத்தில் ஐந்தைப் பத்தாக்கினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘மேம்பாடு’ என்று எழுதினேன். அதற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகு மெமோவிலிருந்த முகவரியைத் தேடி ஈஜிபுராவுக்குப் போனேன். அங்கே ஐந்து மாடியில் ஒரு விடுதி நின்றது. செல்வி என்று அங்கே யாருக்கும் யாரையும் தெரியவில்லை. அதற்குள் தொழிற்சாலையையும் இடித்திருந்தார்கள். இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. என் செயல்முறைகள், திருத்தங்களோடு சேர்த்து, காகிதக் கூழுக்கு.

குழாய் மூன்றாம் முறைதான் சோப்பைத் துப்பியது. குனிந்து காதை வைத்துக் கேட்டேன். இன்னும் மூச்சு விட்டது. பத்துச் சொட்டு வரை எண்ணி, எல்லாவற்றையும் தொட்டியில் விட்டேன். ஐந்தோடு நிறுத்தச் சொல்ல அங்கே யாரும் இல்லை.