கடைசி வரை பார்த்தவர்

பதினொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். கேட்கிறானோ இல்லையோ, மணி அடிக்கும் வரை எவனும் எழுந்து போக முடியாது. அந்தச் சுகமெல்லாம், கோச்சடையில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரமே போய்விட்டது. சமூக ஊடகங்களுக்கு நீளமானவற்றைத் தயாரிப்பது என் வேலை. பெரிய கட்டுரை, நேர்காணல், இருபது நிமிட வீடியோ. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள்.

மேலாளராக இருந்த பெண்ணுக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான். கணினியில் வரைபடக் கோடு ஒன்றைக் காட்டினாள். வீடியோ தொடங்கும்போது உச்சியில் இருந்தது, போகப் போகச் சரிந்து அடியைத் தொட்டது. பார்ப்பவர்கள் எழுந்து போகிற கணக்காம் அது.

"அம்புட்டுப் பேரும் மொத அரை நிமிஷத்துலயே ஓடிருவாங்க சார். கடைசில வர்றதை மொதல்லயே கொஞ்சம் காட்டிருங்க. அதுக்காகவே உக்காந்திருப்பாங்க. இந்தக் கோடு சரியாம நின்னாத்தான் உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நான் பேச முடியும்."

முதல் வேலை, ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு நிறுவனத்துக்கு. ஒரு போர் போடுவதை முழுசாகக் காட்ட வேண்டும். பேரையூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் தோட்டத்துக்குத் துளை போடும் வண்டி போனது, நானும் கேமராவோடு போனேன். அவர் வண்டிக்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார். தண்ணீர் வந்ததும் எல்லாருக்கும் கொடுக்க ஒரு பை நிறைய ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வைத்திருந்தார். குழாய்க்கு மேல் குழாயாக இறங்கியது. சாயங்காலம் வரை வெள்ளைப் புழுதிதான் வந்தது. போதும் என்று வண்டிக்காரர்கள் குழாயை உருவத் தொடங்கியபோது, அவர் பையைப் பிரித்தார்.

"வந்தவுக வாய் இனிக்காமப் போகக் கூடாது" என்று எங்களுக்கே கொடுத்தார். நானும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

கடைசியில் காட்ட எதுவும் இல்லை. ஆனால் அதே நிறுவனம் வைகைக் கரைப் பக்கம் போட்ட வேறொரு போரில், தண்ணீர் பனை உயரத்துக்குப் பீறிட்ட காட்சி கைவசம் இருந்தது. அதை ஆரம்பத்தில் ஒட்டினேன். குழாயை உருவுகிற இடத்துக்கு முன்பே வெட்டி, நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைப் போட்டு முடித்துவிட்டேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. வீடியோ என்றால் இப்படித்தான் போல என்று நினைத்தேன்.

கோடு சரியவில்லை. "பரவாயில்லையே சார், ஒங்க வகுப்புல ஒருத்தரும் எந்திரிக்கல" என்று அந்தப் பெண் சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அந்த விவசாயி கூப்பிட்டார். வழி கேட்க நான் பேசிய எண்ணை வைத்திருந்திருக்கிறார்.

"தம்பி, நம்ம தோட்டத்துல தண்ணி பொங்குதுன்னு ஊரே சொல்லுச்சு. மகன் போன்ல போட்டுக் காட்டுனான். ஆமா, எடுத்த எடுப்புல தண்ணி அடிக்குது. நான் அந்தப் பக்கம் போயிருந்தப்ப வந்துருக்குமோன்னு, கண்ணு அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பாமக் கடைசி வரைக்கும் பாத்தேன்."

பிறகு சொன்னார்.

"வரல தம்பி."

அவர் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அது வேறு இடத்துத் தண்ணீர் என்று மட்டும் சொன்னேன். "சரி தம்பி, வச்சிர்றேன்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

அன்றைக்கே வீடியோவை நீக்கிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

"ஒங்களுக்காகப் பேச என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானே சார். கோடு கடைசி வரைக்கும் எறங்கவே இல்லையே?"

"அந்தக் கோட்டுல அவரும் உக்காந்திருந்தாரும்மா" என்றேன்.