ஜீப்பை மறைத்த கொட்டகை

படப்பையில் என் எதிர்வீட்டுக்காரர், மகனின் பழைய கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மகனின் ஜீப்புக்குக் கொட்டகை போட்டார். எல்லாம் காயலான் கடையில் எடுத்த பேக்கிங் கட்டைகளும் தகரமும்தான். சுத்தியலில் துணி சுற்றியிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பார். ஷிஃப்ட் முடிந்து வரும்போது லாரி மோதி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன மகன் அங்கேதான் படுத்திருந்தான்.

நாலு பக்கமும் தகரம் அடித்து மூடுவதைப் பார்த்து, "வண்டி எப்படிங்க வெளிய வரும்?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் வரணும்? விக்கவும் வுட மாட்றான். நாள் பூரா அதையே பாத்துகினு கீறான். அவன் கண்ணுல படாம இருந்தா போதும்."

கடைசி ஆணி அடித்த அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் அது விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அவர் நனைந்துகொண்டே ஏணியில் ஏறி, கூரைமேல் ஒவ்வொரு சாக்காக விரித்தார். சத்தம் குறையவே இல்லை.