படமாக வந்த கணக்கு

அக்காவுக்குப் படிக்கிற பார்வை போய்விட்டது என்பது அவளுக்கும் எனக்கும் கண் மருத்துவருக்கும் மட்டுமே தெரிந்திருந்த காலம் அது. நடமாட்டத்துக்குக் குறையில்லை. சாலையைக் கடப்பாள், ஃபெர்ரி ஏறுவாள், சந்தையில் மீனைத் தொட்டுப் பார்த்துப் பேரம் பேசுவாள். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் புகைமூட்டமாகிவிடும். ஓரங்கள் தெரியும், நடு தெரியாது. எழுத்தைப் படிக்க நடுப்பார்வைதான் வேண்டும். போனது இனித் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அக்கா ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் கணித விரிவுரையாளர். அந்த ஆண்டு அவளுடைய பாடத்தை முழுக்க இணையத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். நடத்துகிறவரே ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் பாடம் வேறொருவர் கைக்குப் போய்விடும். அக்காவுக்குக் கல்யாணம், பிள்ளைகள், கோயில் கமிட்டி என்று வேறு பிடிமானம் கிடையாது. கணக்குதான் எல்லாம்.

“இதையும் எடுத்துட்டாங்கன்னா நான் வீட்டுல உக்காந்து என்னா பண்றது, சொல்லு” என்றாள். எனக்குப் பயமாக இருந்தது.

நான் கடைகளுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுப்பவள். திரைச்சீலைக் கடை, சைக்கிள் கடை, ஒரு பல் மருத்துவர். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கிறோம். ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்று நான் முனகியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் செயலியை அவளுடைய கணினியில் போட்டு, கல்லூரி ஏற்கெனவே வைத்திருந்த பழைய பாடக்குறிப்பைத் திறந்தோம். ஆங்கில வாக்கியங்களைச் செயலி கணீரென்று படித்தது. சமன்பாடு வந்ததும் ‘இமேஜ்’ என்றது. அடுத்த வரியிலும் ‘இமேஜ்’. யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு சமன்பாட்டையும் படம் பிடித்து ஒட்டி வைத்திருந்தார். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்கு லா. படம், சமம், படம். எல்லாருக்கும் ஃபுல் மார்க்கு.”

அவள்தான் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

படத்தையெல்லாம் எடுத்துவிட்டு, சமன்பாடுகளை ஒன்று விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். இது பின்னம், இது வர்க்கமூலம், இது அடுக்கு என்று குறியீட்டுச் சொற்களால் எழுதிக் கொடுத்தால், திரை அதைப் பார்ப்பவர்களுக்கு ஒழுங்காக வரைந்து காட்டும். செயலியும் அதையே வாய்விட்டுப் படிக்கும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. செய்ய உட்கார்ந்த பிறகுதான், ஒரு பின்னத்துக்குத் தொடக்கம் என்றும் முடிவு என்றும் இருப்பதே எனக்கு உறைத்தது. கண் ஒரே பார்வையில் பார்த்துவிடுவதைக் காதுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும்.

“வர்க்கமூலம் எங்கடி முடியுது? கதவத் தொறந்துட்டு மூடாமப் போனா எப்படி?” என்று திட்டுவாள். நான் அடைப்புக்குறியைத் தேடி மூடுவேன்.

அவள் தொடக்கப் பள்ளியில் கணக்கைத் தமிழில் படித்தவள், இடைநிலைப் பள்ளியில் மலாயில், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில். எனக்கு ஒரு வரி பிடிபடவில்லை என்றால் மூன்றையும் கலந்து அடிப்பாள். கூட்டல் கழித்தலுக்குத் தமிழ், பின்னத்துக்கு மலாய், மற்றதற்குப் பெரும்பாலும் ஆங்கிலம். “எக்ஸ் கூட்டல் மூணு, எல்லாம் சேத்து, பெர் ரெண்டு” என்பாள். ‘பெர்’ என்பது மலாயில் பின்னக் கோட்டைக் குறிக்கும் சொல். அதைக் கேட்டு நான் தட்டச்சு செய்வேன், செயலி ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லும், அவள் தலையாட்டுவாள். சமையலறையில் சட்னி அரைக்கும் சத்தத்துக்கு மேல் ‘எண்ட் ரூட், எண்ட் ஃப்ராக்‌ஷன்’ என்று அந்தக் குரல் கத்திக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் என்னைப் பார்த்து, இரண்டு பேரும் ஏதாவது வகுப்புக்குப் போகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் தவறுகள் தப்பின. அவற்றை அவள் காது பிடித்தது. ஓரிடத்தில் கழித்தல் குறிக்குப் பதிலாக வெறும் சிறு கோட்டைப் போட்டிருந்தேன். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். செயலியோ அந்தக் கோட்டை விழுங்கிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டது.

“இரு, இரு. இங்க நெகட்டிவ்ல வரணும். கழித்தல் எங்க?” என்றாள். அன்று எனக்கு அவள்மேல் எரிச்சலும் பெருமையும் ஒன்றாக வந்தன.

ஒருவழியாக எல்லாப் பக்கங்களையும் அவளே கேட்டு, அவளே திருத்தி, ஒப்புதல் கொடுத்தாள். துறைத் தலைவர் பாராட்டி அனுப்பிய செய்தியையும் செயலியே படித்துக் காட்டியது. பார்வையைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. நாசி கண்டார் கடையில் சோறும் குழம்பும் வாங்கி வந்து வயிறு முட்டச் சாப்பிட்டோம். இனிப் பிரச்சினை இல்லை என்றுதான் நானும் நம்பினேன்.

வகுப்பு தொடங்கி முதல் பயிற்சிக்கான விடைகள் வந்த மாலை, நான் திரைச்சீலைக் கடைக்காரருக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். அக்காவின் அறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. ‘இமேஜ்.’ கொஞ்சம் நிதானித்து, மறுபடியும் ‘இமேஜ்.’ எழுந்து ஓடினேன். மாணவர்கள் வழக்கம்போல நோட்டில் கணக்கைப் போட்டு, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போவதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த எங்கள் இருவருக்கும், அவர்கள் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

“நான் படிச்சுச் சொல்றேங்க்கா. யாருக்கும் தெரியப் போறதில்ல” என்றேன்.

“பிள்ளைங்க கையெழுத்த நீ ஊகிச்சுப் படிப்ப. உன் ஊகத்துக்கு நான் மார்க்கு போடுறதா?”

“அப்ப கண்ணு தெரியலன்னு சொல்லித் தொலையேன்!”

எங்கள் வீட்டில் அதை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. அக்கா கணினியை மூடினாள். வைத்த சோற்றைத் தொடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை அவளே துறைத் தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் வெகுநேரம் கேள்வி கேட்டார். இந்தப் பருவம் முடியட்டும், விடைத்தாள் திருத்துவது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அது உறுதியும் இல்லை, மறுப்பும் இல்லை. அடுத்து வகுப்புக் குழுவுக்குத் தன் குரலிலேயே ஆங்கிலத்தில் ஒரு செய்தி பதிந்தாள். என்னால் படிக்க முடியாது, உங்கள் படங்களும் என் கண்ணுக்குத் தெரியாது, வழிமுறையைத் தட்டச்சு செய்யுங்கள், தட்டச்சு வராதவர்கள் வாயால் சொல்லி அனுப்புங்கள். அனுப்பிவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். மதியம்வரை ஒரு பதிலும் இல்லை.

பிறகு ஒரு குரல் வந்தது. செபராங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் தமிழ்ப் பெண்.

“மிஸ், நான் கவுண்டர்ல இருக்கேன், அதான் மெதுவாப் பேசுறேன். முதல் கேள்வி. ஆரம்பிக்கவா?”

பின்னால் யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுதது. அவள் கிசுகிசுத்த குரலில் முதல் வரியைச் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரி. ஒவ்வோர் எண்ணையும் உடைந்துவிடுமோ என்று பயந்தவள்போல இறக்கி வைத்தாள். கடைசி வரிக்குப் பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

“மிஸ், புரியுதா?”

வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுப் பழகியவள். அவளை யாரும் கேட்டதில்லை. கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, பதில் பதிவதற்குப் பொத்தானை அழுத்தினாள்.

“நல்லாப் புரியுதும்மா. மூணாவது வரி தப்பு. திரும்பப் போடு.”