காரவள்ளியில் குடித்த டீ

முழு ஊனமான முன்னாள் ராணுவ வீரருக்கு, அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்காக அரசாங்கம் மாதாமாதம் படிப்பணம் தரும். எங்களுக்கு அது ஒருமுறை கைநழுவிப் போனது. காரணம் என் வீட்டுக்காரர்தான். கழுத்தில் அடிபட்டு, கால் இரண்டும் விளங்காமல், ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் ஊர் திரும்பியவர், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமா என்று மருத்துவக் குழு கேட்டபோது, "எல்லாம் நானே பாத்துக்குவனுங்க சார்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டார். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டதே நான்தான். ஆத்திரத்தில் மூன்று நாள் பேசவில்லை. சோறு மட்டும் ஊட்டினேன்.

மறுபடி எழுதிப்போட்டு, இரண்டாயிரமாவது வருஷ வாக்கில் திரும்பவும் கூப்பிட்டார்கள். அதற்குள் அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிருந்தது. படி வந்தால் தூக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் நானும் படுத்துவிடுவேன். அப்புறம் இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றுவது யார்?

மலைமேல் இருக்கும் எங்கள் குண்டனி நாட்டிலிருந்து, மிளகு ஏற்றும் ஜீப்பில் அவரைக் கிடத்திக்கொண்டு இறங்கினோம். உள்ளே என்ன சொல்ல வேண்டும் என்று வளைவுக்கு வளைவு அவருக்குப் பாடம் நடத்தினேன். அடிவாரத்தில், காரவள்ளியில் டிரைவர் டீக்கு நிறுத்தினார். நாக்கு வறண்டிருந்தும் இவர் வேண்டாமென்றார். நாலு பேர் பார்க்க நான் டம்ளரை அவர் வாயில் வைப்பது அவருக்கு ஆகாது. இவரா உள்ளே போய் உண்மையைச் சொல்லப்போகிறார் என்று எனக்கு வெறுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போன தடவ பொய் சொல்லிப்போட்டனுங்க சார்," என்றார் அவர். "சோறு ஊட்டறது, கழுவி விடறது எல்லாம் இவதானுங்க. ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு என்னையப் பொரட்டிப் படுக்க வெப்பா. நான் தூங்கறேன்னு நெனச்சுக்குவா. எனக்கு முழிப்பு வந்துருமுங்க. வெக்கத்துல கண்ண மூடிக்குவனுங்க."

அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. ஆள் தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குமுன் அழுததில்லை.

திரும்பும்போதும் காரவள்ளியில் ஜீப் நின்றது. டீக்கடை முன்னால் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்.

"ஏம்புள்ள, எனக்கும் ஒரு டீ சொல்லு," என்றார்.

ஆற்றி, அத்தனை பேர் முன்னாலும் அவர் வாயில் வைத்துப் பிடித்தேன். பாதி குடித்துவிட்டு, சர்க்கரை பற்றவில்லை என்றார். கடைக்காரரிடம் இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.